ஓடையில் செத்த சால்மன் என்றால் தண்ணீரில் விஷமா?

"காட்டோடையில் இத்தனை சால்மன்கள் செத்துக் கிடந்தால் தண்ணீரில் விஷம்தான், உடனே அள்ளி அப்புறப்படுத்துங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது, ஆனால் தகவல் தவறு. தயவுசெய்து அள்ளாதீர்கள்.

சினூக், கோஹோ, சாக்கை, சம், பிங்க் ஆகிய பசிபிக் சால்மன்கள் வாழ்நாளில் ஒருமுறை முட்டையிட்டதும் இறந்துவிடும். (அட்லாண்டிக் சால்மனில் சில பிழைத்துக் கடலுக்குத் திரும்பும்.) ஆற்றுக்குள் நுழைந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிட்டு, உடம்பிலுள்ள கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் எதிர்நீச்சல் போடுகின்றன. கடைசியில் தோலில் திட்டுத்திட்டாக வெள்ளைப் பூஞ்சை படரும். பெண் மீனின் வால், சரளைக்கல்லில் குழி பறித்துப் பறித்தே தேய்ந்து நார்நாராகியிருக்கும். நீங்கள் பார்த்த கோலம் அதுதான்.

அந்த உடல்களைக் கரடியும் கழுகும் தின்னும்; நீர்ப்பூச்சிகள் பெருகும்; அவற்றைத் தின்று சால்மன் குஞ்சுகள் வளரும். கடலிலிருந்து வந்த நைட்ரஜனைக் கரையோர மரங்களிலேயே ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

சரி, எப்போது சந்தேகப்பட வேண்டும்? செத்த பெண் மீனின் வயிற்றில் முட்டைகள் அப்படியே நிறைந்திருந்தால். அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து நகர ஓடைகளில் கோஹோக்கள் அப்படித்தான் செத்தன. டயர் தேய்ந்த துகளிலிருந்து மழைநீரோடு வரும் வேதிப்பொருளே காரணம் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம், அங்கே நாயை அவிழ்த்துவிடாதீர்கள். அப்பகுதிச் சால்மனை வேகவைக்காமல் தின்றால், அதிலுள்ள ஒட்டுண்ணி சுமந்துவரும் பாக்டீரியா, சிகிச்சை இல்லாவிட்டால் நாயின் உயிரையே எடுத்துவிடும்.