3,000 மணி நேரம் மட்டும் போதாது
கலிபோர்னியாவில் திருமண, குடும்ப தெரபிஸ்ட் லைசென்ஸ் வாங்க 3,000 மணி நேரம் வேலை அனுபவம் சேர்ந்தால் போதும், சூப்பர்வைசர் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டால் சரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள். அசோசியேட்டுகளுக்கு, அதாவது லைசென்ஸுக்காக இந்த நேரத்தைச் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, குறைந்தது 104 வாரங்கள் மேற்பார்வை வேண்டும். வேலை செய்யும் இடத்தில் ஒரு வாரம் மேற்பார்வை நடக்கவில்லையென்றால், அங்கே அந்த வாரம் உழைத்த நேரம் கணக்கிலேயே வராது. வாரத்துக்கு ஒரு முறை மேற்பார்வை என்பது, தனியாக என்றால் ஒரு மணி நேரம், குழுவாக என்றால் இரண்டு. நேரடி ஆலோசனை வாரத்துக்கு 10 மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு முறை மேற்பார்வையும் தேவை. கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். அப்புறம், லைசென்ஸ் வாங்கிய கையோடு யாரும் சூப்பர்வைசர் ஆகிவிட முடியாது. கடந்த 5 ஆண்டுகளில் 2 ஆண்டாவது உரிமத்துடன் இருந்திருக்க வேண்டும். நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டில் சூப்பர்வைசரிடம் வாராவாரம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.