மீன் சாவுக்கு வெயில் மேல் பழி போடுவதை எப்போது நிறுத்துவோம்?

ஏரியில் மீன் செத்து மிதந்தால் மறுநாள் சொல்லப்படும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: "கடும் வெயில், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது." 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்துக் கரை ஒதுங்கியபோதும் சாக்கடையோடு சேர்த்து வெயில் பேச்சும் அடிபட்டது.

கணக்கைப் பாருங்கள். 25 டிகிரி வெப்பமுள்ள நல்ல தண்ணீர் லிட்டருக்கு சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 32 டிகிரியில் 7.3. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம் என்பதால் அதிலும் பத்து சதவீதம் கழியும், வைத்துக்கொள்வோம் 6.5. கட்லா, ரோகுவுக்கு 4 இருந்தாலே தாராளம். 3-க்குக் கீழே தவிக்கும், 1-ஐ நெருங்கினால் சாகும். ஏழு டிகிரி வெயில் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு மில்லிகிராம். மிச்சம் எங்கே போனது?

சாக்கடைக்குப் போனது. ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் ஏரியில் 1.5 கோடி லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்றால் மொத்தம் 90 கிலோ ஆக்சிஜன். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரின் பிஓடி, அதாவது கழிவு மக்கும்போது தின்னும் ஆக்சிஜன், லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்தால், பத்து லட்சம் லிட்டர் உள்ளே வந்தாலே 250 கிலோ ஆக்சிஜன் கேட்கும். கிட்டத்தட்ட மூன்று ஹெக்டேர் ஏரியின் கையிருப்பு. காற்றிலிருந்து கொஞ்சம் திரும்பக் கரையும்தான். ஆனால் ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் அதற்கும் வழியில்லை.

இன்னொரு பங்கு பாசிக்கு. சாக்கடையின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தின்று தண்ணீர் பச்சைப்பசேலென்று ஆகியிருக்கும். பகலில் அந்தப் பாசியே ஆக்சிஜன் கொட்டும், மதியத்தில் லிட்டருக்கு 12, 15 மில்லிகிராம் வரைகூடப் போகும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை இழுத்து மூச்சுவிடும், அடிச்சேறும் பாக்டீரியாவும் அதைத் தின்னும், மீனும் கேட்கும். விடிவதற்குச் சற்று முன்னால்தான் அடிமட்டம். முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்தால் பகல் வரவே குறைவு, இரவுச் செலவு மட்டும் அப்படியே. கோடை மழை முதல்முறை கொட்டும்போது இன்னும் மோசம். கால்வாயில் மாதக்கணக்கில் தங்கிய கசடு ஒரே நேரத்தில் ஏரிக்குள் வரும், குளிர்ந்த மழைநீர் கீழே இறங்கி அடித்தண்ணீரைக் கிளப்பிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு ஏறிவிட்டது என்று அர்த்தம். "மழை பெய்தும் மீன் செத்துப்போச்சே" என்று ஆச்சரியப்படுவதை விட்டுவிடலாம். மழை பெய்ததால்தான் செத்தது.

என் கோபமெல்லாம் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் நேரத்தின் மேல். அதிகாலை 5 மணிக்கு மீன் சாகிறது, 11 மணிக்கு அதிகாரிகளின் ஜீப் வருகிறது, தண்ணீரில் 7 மில்லிகிராம் ஆக்சிஜன் என்று அறிக்கை போகிறது. அளவு பொய்யில்லை, நேரம்தான் தப்பு. 4 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில், மேல்தண்ணீரிலும் அரை மீட்டர் ஆழத்திலும் எடுக்காத அளவை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆக்சிஜன் அளக்கும் மீட்டர் இல்லையா? ரசாயனம் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் கல்லூரி ஆய்வகத்து விங்க்லர் முறை போதும். 300 மி.லி. கண்ணாடிப் பாட்டிலைக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்புங்கள். மாங்கனீஸ் சல்பேட் 2 மி.லி., அல்கலி அயோடைடு அசைடு 2 மி.லி., இரண்டையும் பிப்பெட் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடி, தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்குங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. அந்த வெள்ளைப் பாட்டிலை ஒரு போட்டோ எடுத்துவைத்தால் எந்த விளக்கமும் தேவைப்படாது. பழுப்பு வந்திருந்தால் அடர் கந்தக அமிலம் 2 மி.லி. சேர்த்து, வெளிச்சம் படாமல் எடுத்துப்போய் 8 மணி நேரத்துக்குள் டைட்ரேஷன் செய்யுங்கள். 200 மி.லி. எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், ஸ்டார்ச் போட்டு நீலம் மறையும் வரை. செலவான ஒவ்வொரு மி.லி. தயோசல்பேட்டும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன்.

செத்த மீனும் சாட்சி சொல்லும். பெரிய மீன் முதலில், விடியற்காலையில், முந்தைய நாள் மேலே வந்து வாயைப் பிளந்திருந்தால் ஆக்சிஜன் பஞ்சம். காற்றை நேராகச் சுவாசிக்கும் விராலும் சில கெளுத்தி வகைகளும் அப்போது பிழைத்திருக்கும். குஞ்சு, இறால், தண்ணீர்ப் பூச்சி எல்லாம் நேரம் காலமின்றி ஒன்றாகச் செத்தால் விஷம் என்று சந்தேகப்படுங்கள். ஒரே இனம் மட்டும், புண்ணோடு, நாள்கணக்கில் செத்தால் நோய். மத்தியானத்தில் சாவு என்றால் அம்மோனியாவை நினையுங்கள். 30 டிகிரியில் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 7.5 என்றால் மொத்த அம்மோனியாவில் இரண்டரை சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். பாசி பிஎச்சை 9-க்கு ஏற்றிவிட்டால் நாற்பத்தைந்து சதவீதம்.

அதனால்தான் மீன் தவிக்கும் ஏரியில் சுண்ணாம்பு கொட்டுவதைப் பார்த்தால் பதறுகிறது. பிஎச் ஏறும், அம்மோனியா கொல்லும். பிளீச்சிங் பவுடர் அதைவிட மோசம். பாசிக்கொல்லியும் வேண்டாம், செத்த பாசி அழுகும்போது மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும். உடனே செய்யக்கூடியது சாதாரண வேலை: சாக்கடை விழும் வாயை அடைத்துத் திருப்பிவிடுவது, நல்ல தண்ணீர் வரும் மூலையில் டீசல் இன்ஜின் வைத்து மேல்தண்ணீரை இறைத்து மழை மாதிரி தெளிப்பது, இரவு 10 முதல் காலை 7 வரை நிறுத்தாமல் ஓட்டுவது. முழு ஏரியையும் காப்பாற்ற முடியாது, மீன் ஒதுங்க ஒரு மூலை கிடைத்தால் போதும். செத்ததை அன்றே அள்ளி, கரையிலிருந்து தள்ளிக் குழிவெட்டிப் புதையுங்கள். அந்தக் குழிக்குச் சுண்ணாம்பு போடலாம். அள்ளிய மீன் சந்தைக்குப் போகாமல் பார்ப்பதும் குத்தகைதாரர் பொறுப்புதான்.

பிறகு பத்தே நாளில் குஞ்சு விட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பணத்தைத் தண்ணீரில் போடுகிற வேலை. விடியற்காலை அளவு இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து 4-க்கு மேல் நிற்கட்டும். அதன் பிறகும் நேராகக் கொட்டாமல், ஹாப்பா எனும் பெட்டி போன்ற வலையைத் தண்ணீரில் கட்டி ஐம்பது குஞ்சுகளை 48 மணி நேரம் விட்டுப்பாருங்கள். காலியான ஏரிதானே என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுவந்து விடுகிறவர்களும் உண்டு, சாக்கடையிலும் பிழைக்குமாம். உள்ளூர் மீன்களைத் தின்று அழித்துவிடும் என்பதால் அதை வளர்க்கவே தடை.