முதலில் அந்த பிரெட்டைக் காய விடுங்கள்

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை நெருங்கினாலே எனக்குக் கோபம் வர ஆரம்பித்துவிடும். பண்டிகை மேல் இல்லை. அமெரிக்கர்களின் நன்றி சொல்லும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் எனக்கு ரொம்பப் பிடித்த நாள். நியூ ஜெர்சிக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது, அதில் பதினோரு வருஷம் எங்கள் வீட்டில்தான் விருந்து. பதினெட்டுப் பேர் வருவார்கள். டர்க்கியை, அதாவது வான்கோழியை, என் கணவர் பார்த்துக்கொள்வார், ஸ்டஃபிங் என் பொறுப்பு. காய்ந்த பிரெட் துண்டுகளில் வெண்ணெய், வெங்காயம், சாறு (காய்கறியோ கறியோ கொதிக்க வைத்து வடித்த நீர்) எல்லாம் சேர்த்து ஓவனில் வேக வைப்பதுதான் ஸ்டஃபிங்; டர்க்கிக்கு உள்ளேயே அடைத்து வேக வைப்பவர்களும் உண்டு. என் கோபமெல்லாம் அந்த ஸ்டஃபிங்கை ஆளாளுக்குப் படுத்தும் பாட்டைப் பற்றித்தான்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை தொடங்கிய வேலை வியாழக்கிழமை மதியம்தான் முடிந்தது. ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு ட்ரேயைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறேன். மேலே பொன்னிறமாக மொறுமொறுவென்று இருக்கிறது, ஓரங்களில் வெண்ணெய் இன்னும் பொரிகிறது, சேஜ் இலை வாசனை கூடம் வரைக்கும் போகிறது. வந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, பிரெட் உப்புமாவா?" என்றார். பக்கத்தில் நின்ற பெண், "எதுக்குக்கா இவ்வளவு கஷ்டம்? கடையில ஸ்டஃபிங் பெட்டி விக்குதே, வெந்நீர் ஊத்தினா அஞ்சு நிமிஷம்" என்றாள். நான்கு நாள் உழைப்புக்குக் கிடைத்தது இந்த இரண்டு வாக்கியம்.

சரி, உப்புமா என்றே வைத்துக்கொள்வோம். ரவையை வறுக்காமல் யாராவது உப்புமா கிண்டுவீர்களா? கிண்டினால் என்ன ஆகும்? களியாகும், கரண்டியில் ஒட்டிக்கொண்டு வரும். நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அதே விஷயம்தான் ஸ்டஃபிங்கிலும். பிரெட் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்திருந்தால்தான் வெண்ணெயையும் சாறையும் உள்ளே இழுத்துக்கொண்டு, துண்டு துண்டாகவே நிற்கும். காயாத பிரெட்டில் சாறை ஊற்றினால் குழந்தைக்கு ஊட்டும் கூழ்தான். ஸ்டஃபிங்கில் இருக்கிற ஒரே பெரிய வேலை இதுதான். இதைத்தான் ஒருவரும் மதிப்பதில்லை.

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களை முதலில் கேட்கிறேன். "தயாரிப்பு நேரம்: 20 நிமிடம்" என்று எந்தக் கணக்கில் போடுகிறீர்கள்? பதினெட்டுப் பேருக்கு இரண்டு பவுண்டு பிரெட், அதாவது 900 கிராம். அதை முக்கால் அங்குலத் துண்டுகளாக வெட்டவே எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. மூன்று பெரிய வெங்காயம், ஐந்தாறு தண்டு செலரி, பார்ஸ்லி, தைம், சேஜ் எல்லாவற்றையும் நறுக்க இன்னொரு அரை மணி. வெங்காயமும் செலரியும் வெண்ணெயில் நிறம் மாறாமல் வதங்கப் பதினைந்து நிமிஷம். பிரெட்டை ஓவனில் காய வைத்தால் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம், நடுவில் இரண்டு தடவை கிளறிவிட வேண்டும். இருபது நிமிஷம் என்று படித்துவிட்டு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேலையை ஆரம்பிக்கிற புதுப் பெண்ணின் கதி என்ன? அவள்தான் மதியம் கூழை மேஜையில் வைத்துவிட்டுத் தனக்குச் சமைக்க வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறாள். தப்பு அவள் மேல் இல்லை.

அப்புறம் இந்தப் "பழைய பிரெட்" விவகாரம். "ஒரு நாள் பழைய பிரெட் எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பழசானது வேறு, காய்ந்தது வேறு. பிரெட் பழசாகும்போது அதன் மாவுச்சத்து மறுபடி இறுகிக் கெட்டியாகிறது, ஈரம் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கையில் தொட்டால் கெட்டியாக இருக்கிறதே என்று நம்பி எடுத்தால் சாறு இழுக்காது. அது போகட்டும், இங்கே சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற ஸ்லைஸ் பிரெட் ஒரு நாளில் எங்கே பழசாகிறது? பூஞ்சை பிடிக்காமலிருக்க கால்சியம் புரோப்பியோனேட், மெத்தென்றே இருப்பதற்கு என்சைம்கள். உறைக்குள் ஒரு வாரம் வைத்தாலும் விரலால் அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்புகிறது. போன வருஷம் நல்ல பிரெட் கேட்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் பேக்கரிப் பகுதியில் இருந்தவரிடம் "கெட்டியான, சர்க்கரை போடாத பிரெட் வேண்டும்" என்றேன். அவர் என் கையில் கொடுத்தது தேன் போட்ட பிரெட். சேஜும் வெங்காயமும் போட்டுச் செய்கிற சமையலில் தேன்!

நல்ல பிரெட் கிடைத்துவிட்டால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடுகிறதா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் துண்டு போட்டு நான்கு ட்ரேயில் பரப்பிச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மேஜை பளிச்சென்று துடைத்திருக்கிறது. அவ்வளவு பிரெட்டும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளுக்குள். "அண்ணி, எறும்பு வந்துரும்னு நான்தான் எடுத்து வெச்சேன்" என்றாள் நாத்தனார். நல்ல மனசோடு செய்ததுதான், அவளை என்ன சொல்ல முடியும்? ஆனால் பையைத் திறந்து கையை விட்டால் துண்டுகள் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன. உள்பக்கத்து ஈரமெல்லாம் வெளியே வந்து பிளாஸ்டிக்கில் வியர்த்திருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி ஓவனைப் போட்டு உட்கார்ந்தேன். கூழாகிற பிரெட்டைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும், உண்மையாகவே வரும்.

அந்தப் பெட்டியைச் சொன்னார்களே, அதன் கதையைக் கேளுங்கள். ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் 1972இல் ஸ்டவ் டாப் என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. உருவாக்கியதில் முக்கியமானவர் ரூத் சீம்ஸ், மனையியல் படித்தவர். அவர்கள் கண்டுபிடித்ததில் பெரிய விஷயம் எது தெரியுமா? காய்ந்த பிரெட் துண்டின் அளவு! ரொம்பப் பொடியானால் தண்ணீர் பட்டதும் கூழாகும், ரொம்பப் பெரிதானால் நடுவில் கல்லாக நிற்கும். ஐந்து நிமிஷத்தில் முடிகிற சாப்பாட்டுக்கே அளவு அளவாக வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். நான் மட்டும் பிரெட்டைப் பற்றிப் பேசினால் "இதெல்லாம் ஓவரா இல்ல?" என்கிறார்கள்.

பெட்டி வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. நான் சைவம். இங்கே வந்த முதல் வருஷம் அலுவலகத்தில் மேலதிகாரி வீட்டு விருந்துக்குக் கூப்பிட்டார். மேஜை நிறையப் பலகாரம். பிரெட், வெங்காயம், செலரி எல்லாம் தெரிகிறதே என்று ஸ்டஃபிங்கை ஆசையாக இரண்டு கரண்டி போட்டுக்கொண்டேன். வாய்க்குப் போகும் நேரத்தில் அந்த வீட்டம்மா, "அது டர்க்கிக்கு உள்ளே வைத்து வெந்தது, உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பாவம், அவர் முகம் எனக்கு முன்னால் சுருங்கிவிட்டது. அன்றைக்கு நான் சாப்பிட்டது மசித்த உருளைக்கிழங்கும் கிரான்பெர்ரி சாஸும்தான். எங்கள் வீட்டுக்கு வருகிற பதினெட்டுப் பேரில் எட்டுப் பேர் சைவம். அவர்களுக்கு இது "சும்மா சைட் டிஷ்" இல்லை. அவர்களுடைய டர்க்கியே இதுதான்.

பெட்டியிலும் சரி, சமையல் குறிப்பிலும் சரி, கேட்காமலேயே சிக்கன் சாறு உட்கார்ந்திருக்கிறது. காய்கறிச் சாறு என்று டப்பாவில் விற்பதை வாங்கினால் தக்காளியும் கேரட்டும் போட்டு ஆரஞ்சு நிறத்தில் தித்திக்கிறது. அதில் உப்பு வேறு. பல டப்பாக்களில் ஒரு கப்பிலேயே 700, 800 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கே 2,300க்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். மசாலா போட்டுக் காய வைத்து விற்கிற பிரெட் துண்டிலும் உப்பு, வெண்ணெயிலும் உப்பு, சாறிலும் உப்பு. மூன்றும் சேர்ந்தால் கடல் தண்ணீர். அதனால் நானே சாறு வைக்கிறேன். வெங்காயம் தோலோடு, செலரி இலை, காய்ந்த காளான் ஒரு கைப்பிடி, மிளகு பத்து, பிரிஞ்சி இலை. முக்கால் மணி நேரம் கொதித்தால் ரசத்தை விடக் கொஞ்சம் கெட்டியான நிறத்தில் இறங்கும். முட்டை சாப்பிடாதவர்கள் மூன்று பேர் இருப்பதால் ஒரு ட்ரேயில் முட்டை போடுவதில்லை. முட்டை இல்லாவிட்டால் சேர்ந்து நிற்காது, சாறை அரை கப் அரை கப்பாகப் பார்த்துத்தான் விட வேண்டும்.

"உள்ளே வெச்சாத்தானே அது ஸ்டஃபிங், தட்டுல வெச்சா டிரெஸ்ஸிங்" என்று வருஷா வருஷம் ஒருவர் வந்து எனக்கு இலக்கணம் சொல்கிறார். தெற்கு மாநிலங்களில் டிரெஸ்ஸிங் என்பார்கள், சோள பிரெட்டில் செய்வார்கள், பென்சில்வேனியாவில் ஃபில்லிங் என்பவர்களும் உண்டு. பெயர் எதுவாக இருந்தால் என்ன? பச்சை இறைச்சியின் சாறு உள்ளே இறங்குவதால் பறவைக்குள் இருக்கிற பிரெட்டும் நடுவில் 165 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் சூடேற வேண்டும். அது ஏறுவதற்குள் வெளியே மார்புக் கறி பஞ்சு மாதிரி வறண்டுவிடும் என்று என் கணவரே சொல்கிறார். ட்ரேயில் வைத்தால் மேல்தட்டு முறுகும். அந்த முறுகலுக்குத்தானே எல்லோரும் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறீர்கள்?

கடைசியாக ஓவன். எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. காலையிலிருந்து டர்க்கி உள்ளே. அது வெளியே வந்து ஆறுகிற முக்கால் மணி நேரம்தான் என் இரண்டு ட்ரேக்கும் கிடைக்கிற இடம், 375 டிகிரியில். போன வருஷம் சரியாக அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது. "ஓவன்ல கொஞ்சம் இடம் இருக்கா? பத்தே நிமிஷம்" என்று ஒரு பெரிய தட்டு சமோசா. பின்னாலேயே மக்ரோனி சீஸ். அவர்கள் திறந்து திறந்து மூடியதில் சூடு இறங்கி, முட்டை போடாத ட்ரே நடுவில் வெந்தும் வேகாமலும் நின்றது. அந்த ட்ரேயைத்தான் அந்த மூன்று பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் எனக்கு ஆறவில்லை.

இந்த வருஷம் வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை ராத்திரி பிரெட்டை வெட்டிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவிடுவேன். வியாழக்கிழமை வரைக்கும் அந்த மேஜையில் யாருக்கும் சாப்பாடு கிடையாது, சமையலறைத் திட்டில் நின்று சாப்பிடுங்கள். மேலே துணி போடாதீர்கள், பையில் கட்டாதீர்கள், எறும்பை நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்றரையிலிருந்து நாலே கால் வரைக்கும் ஓவன் என்னுடையது. சமோசா கொண்டு வருகிறவர்கள் வீட்டிலேயே சூடு பண்ணி, துண்டில் சுற்றி எடுத்து வாருங்கள்.