கார் சீட்டில் பால் வாடையா? பிளீச்சிங் பவுடரும் வினிகரும் கலக்காதீங்க

"சீட்டில் பால் கொட்டினால் பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் கலந்து தெளித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்துங்கள், வாடை போய்விடும்" என்றொரு வாட்ஸ்அப் தகவல் ஈரோடு, கோபி பக்கத்து குரூப்புகளில் சுற்றுகிறது.

இது ஆபத்துங்க. பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்; வினிகரும் அமிலம்தான். மூடிய காருக்குள் அதைச் சுவாசித்தால் கண் எரியும், மூச்சுத் திணறும், நுரையீரலே பாதிக்கப்படலாம். பிளீச் பாட்டில் லேபிளிலும், பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தின் குளோரின் பகுதியிலும் பார்த்துக்கொள்ளலாம்.

சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிற ஊரில் போசி கவிழ்வது சகஜம். உடனே துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பஞ்சுக்குள் இறங்கும். அப்புறம் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணி. சுடுதண்ணீர் கூடாது, பாலின் புரதம் இறுகி நூலிழையில் பிடித்துக்கொள்ளும். ஆப்பசோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு, வேக்குவத்தில் உறிஞ்சி, கதவைத் திறந்துவைத்துக் காயவிடுங்கள். வாடை மிஞ்சினால், பாலின் புரதத்தைச் சிதைக்கிற என்சைம் கிளீனர் போடலாம். சீட்டுக்கடியில் கார்பெட்டையும் தூக்கிப் பாருங்கள், பால் அங்கேயும் இறங்கித் தேங்கியிருக்கலாம்.

ஏற்கெனவே கலந்துவிட்டவர்கள் கதவுகளைத் திறந்துவிட்டு உடனே விலகி நில்லுங்கள். மூச்சுவிடச் சிரமமென்றால் 108. அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீங்க, அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்க.