ஜெபக் குறிப்பில் நாங்கள் எழுதாத பெயர்

தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "என் பேரைப் போடாதக்கா, வியாதி பேரைப் போடு" என்றான். போட்டுவிடுகிறேன். சிக்ஸோஃப்ரீனியா. தமிழில் மனச்சிதைவு என்கிறார்கள்.

இந்த ஒரு வார்த்தையைச் சபையில் சொல்ல எங்கள் குடும்பத்துக்கு 12 வருஷம் ஆனது.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் சின்னச் சீட்டு கொடுப்பார்கள். ஜெபக் குறிப்பை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். வாராவாரம் அப்பா எழுதியது ஒன்றுதான்: "மகனின் சரீர சுகத்துக்காக." அப்பாவுக்கு பைபாஸ் ஆனபோது எத்தனை அடைப்பு என்பதுவரை சபைக்கே தெரியும். தம்பிக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. ஏன் மறைத்தோம் என்று கேட்டால், பாதிக் காரணம் நான். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பையன் வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அம்மா பயந்தார். என் கல்யாணத்துக்காக என் தம்பியின் வியாதிக்கு ஒரு பொய்ப் பெயர் வைத்தோம். இதை இன்றும் என்னால் லேசாக நினைக்க முடியவில்லை.

தொடங்கியது 2009-ல். இங்கே சிங்கப்பூரில் ஆண்பிள்ளைகள் கட்டாயம் செய்ய வேண்டிய தேசிய சேவையை முடித்துவிட்டு வீட்டில் இருந்தான், 21 வயது. ராத்திரி தூங்க மாட்டான், விடியவிடிய வேதம் வாசிப்பான். ஒருநாள் காலை, தன் பெயரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிடுகிறது என்றான். அம்மா சந்தோஷத்தில் அழுதுவிட்டார். சிறுவன் சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்ட கதையை நமக்கெல்லாம் ஞாயிறு பள்ளியில் சொல்லித்தானே வளர்த்தார்கள். ஊழியத்துக்கான அழைப்பு என்று நம்பினோம். இரண்டு மாதம் கழித்து அதே குரல், அம்மா சமைத்த சோற்றில் விஷம் இருக்கிறது என்று அவனிடம் சொன்னது. தட்டைத் தள்ளிவிட்டு, மூடியைத் திறக்காத பாட்டில் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு அறைக்குள் இருந்தான். அழைப்பு என்று சொன்ன அதே வாய்கள் இப்போது அசுத்த ஆவி என்றன. என் வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் கர்த்தர், அப்புறம் பிசாசு. நடுவில் வியாதி என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படியே ஆறு மாதம் போனது. இந்த வியாதிக்குச் சிகிச்சை தள்ளிப்போகப் போக மீண்டு வருவது கடினமாகிறது என்று பின்னால் டாக்டர் சொன்னபோது, அப்பா அந்த ஆறு மாதத்தையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்துக்கு அவனைக் கூட்டிப்போன அன்று அம்மா டாக்சியில் தலையைக் குனிந்தபடியே வந்தார். அவர் காலத்து ஆட்களுக்கு அது இன்னமும் பழைய பெயரில் 'உட்பிரிட்ஜ்' ஆஸ்பத்திரிதான். பிள்ளைகளை மிரட்டப் பயன்பட்ட பெயர். அங்கே ஜாலான் உட்பிரிட்ஜ் என்று ஒரு தெருவே இருந்தது. குடியிருப்பவர்கள் சங்கடப்பட்டு அதை ஜெரால்ட் டிரைவ் என்று மாற்றவைத்தார்கள். ஒரு தெருவே அந்தப் பெயரைச் சுமக்க மாட்டேன் என்ற ஊரில், ஒரு தாய் எப்படித் தலை நிமிர்ந்து போவார்?

மருந்து வேலை செய்தது. ஆனால் உடம்பு 14 கிலோ ஏறியது. மத்தியானம் வரை தூக்கம், கையில் லேசான நடுக்கம். அவனுக்கே மாத்திரை பிடிக்காமல் போனது. அந்த நேரத்தில்தான் சபைப் பெரியவர் ஒருவர் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. வேலை முடிந்து ஜூரோங்கிலிருந்து ஈசூன் வரை வந்து, எங்கள் வீட்டுத் தரையில் முழங்காலில் நின்று அழுது ஜெபித்தவர். மூன்றாம் நாள் சொன்னார், "விசுவாசம் வந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு தம்பி?"

அந்த டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தம்பி மேடையேறி, சுகமாகிவிட்டேன் என்று சாட்சி சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மார்ச் மாதம், விடியற்காலை மூன்று மணிக்கு, செருப்பில்லாமல் நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தவனைப் போலீஸ் கூட்டி வந்தது. இரண்டாவது அட்மிஷன் முதலாவதைவிட நீளம்.

சொன்ன சாட்சியைத் திருத்திச் சொல்ல ஒரு மேடை இல்லை. சுகமானவர்களுக்கு மைக் உண்டு. இன்னும் சுகமாகாதவர்களுக்குச் சீட்டும் பெட்டியும்தான். வெட்கத்தில் நாங்கள் ஏழு மாதம் சபைக்குப் போகவில்லை.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தினமும் ஜெபிக்கிறேன், என்னை நிமிர்த்தி வைத்திருப்பதே அதுதான். நான் கேட்பது, எதற்காக ஜெபிக்கிறோம் என்று தெரிந்து ஜெபிப்போம் என்பதைத்தான். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு 'அவர்கள்' விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் வசனம் இருக்கிறது. படுக்கையில் கிடந்தவனிடம் உனக்கு எவ்வளவு விசுவாசம் என்று யாரும் கேட்கவில்லை. என் தம்பியிடம் மட்டும் அதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்!

2016-ல் மனநலக் கழகம் தலைமையேற்று நடத்திய ஆய்வின்படி, சிங்கப்பூரில் 43 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் சிக்ஸோஃப்ரீனியாவோ அதைப் போன்ற மனநோயோ வந்திருக்கிறது. எங்கள் சபையில் 300 பேர். கணக்குப்படி ஏழு பேர் இருக்க வேண்டும். அத்தனை வருஷமும் நாங்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்பாவை மாற்றியது ஒரு வகுப்பு. மனநோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கு கேர்கிவர்ஸ் அலையன்ஸ் அமைப்பு இலவசமாக நடத்துவது, 12 வாரம். ஷிப்யார்டில் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற மனிதர், முன்பின் தெரியாத சீனர், மலாய்க்காரர் நடுவே உட்கார்ந்து முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொன்னார். சொல்லியும் ஒன்றும் இடிந்து விழவில்லை. 2021-ல் ஒரு புதன்கிழமை, தம்பியிடம் கேட்டுக்கொண்டு, சீட்டில் எழுதினார்: "மகனுக்கு சிக்ஸோஃப்ரீனியா. மருந்தை விடாமல் எடுக்க ஜெபியுங்கள்."

வாசித்த அக்கா அந்தப் பெயரில் இரண்டு முறை தடுக்கினார். ஹாலில் சத்தமே இல்லை. போதகர் இறங்கி வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு அண்ணன் வந்து, "ஊசி என்னைக்கு அங்கிள்? நான் கார் எடுத்துட்டு வரேன்" என்றார். அடுத்த சில வாரங்களில் பெட்டியில் இன்னும் மூன்று சீட்டுகள். ஒன்றில் பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்), இரண்டில் மனச்சோர்வு.

போதகர்களே, பெரியவர்களே, ஜெபிக்கத் தலையில் கை வைக்கும் முன் "மருந்து சாப்பிட்டாயா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நிறுத்து என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் மருந்து எழுதிக் கொடுத்தவர். மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கொடுக்கும் கையால் இதையும் எழுதிக் கொடுங்கள். பிரசங்கத்தில் சிரிப்புக்காக 'பைத்தியம்' என்று சொல்லாதீர்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஏழு பேரில் என் தம்பி ஒருவன்.

அவன் இப்போது வாரத்தில் நான்கு நாள் வேலைக்குப் போகிறான். மாத்திரைக்குப் பதில் மாதம் ஒரு ஊசி. குரல்கள் முழுசாகப் போகவில்லை. பஸ்ஸில் பின்சீட்டில் யாரோ பேசுவதுபோல் கேட்கிறது, திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேன் என்கிறான்.

அடுத்த ஊசி வரும் வியாழக்கிழமை. நேற்றே சீட்டில் எழுதிப் போட்டுவிட்டோம். இந்த முறை எழுதியது அம்மா.