பெட்ரோல் கணக்கைத் தள்ளிவிட்டுப் படித்தால் கதையில் என்ன மிச்சம்?

போர்க்கால விமான த்ரில்லர் நாவல்களுக்கு நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வாசகர்கள் எழுதுகிற கருத்துகளில் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, "செம விறுவிறுப்பு, கீழே வைக்க முடியல." இன்னொன்று, "கதை நல்லாத்தான் இருக்கு, டெக்னிக்கல் சமாச்சாரம் ஜாஸ்தி, அந்தப் பக்கமெல்லாம் தள்ளிட்டேன்." முதல் ஆளோடு சண்டை இல்லை. இரண்டாவது ஆளோடுதான் வழக்கு. அவர் தள்ளிவிட்ட பக்கத்தில்தான் கதை இருந்தது.

1940 இங்கிலாந்து வான்போரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ல் எட்டுத் துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 300 குண்டு. விசையை விடாமல் அழுத்தினால் 15 விநாடி சொச்சத்தில் எல்லாம் காலி. எதிரே வருகிற ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு டேங்க் 400 லிட்டர். பிரான்ஸிலிருந்து கடல் தாண்டி லண்டன் வந்தால் சண்டை போட ஏறத்தாழ 10 நிமிடம்தான் கையிருப்பு, அதற்கு மேல் நின்றால் திரும்பும்போது கடலில் விழ வேண்டியதுதான். ஆக, ஒருவன் 15 விநாடிக்காரன், இன்னொருவன் 10 நிமிடக்காரன். இந்த இரண்டு எண்ணும் மனதில் இல்லாமல் அந்தச் சண்டைக் காட்சியைப் படித்தால் வெறும் டுமீல் டுமீல்தான் கேட்கும்.

அதே போரில் கார்புரேட்டர் விவகாரம் ஒன்று உண்டு. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பாகம் அது. ஓசூர்ப் பக்கம் பழைய டூவீலர் கை வைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வண்டியைச் சாய்த்துப் போட்டால் ஃப்ளோட் என்கிற மிதவை நிலை தப்பி பெட்ரோல் ஒழுகும் இல்லையா, அதன் பெரிய அண்ணன் இது. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினிலும் மிதவை வைத்த கார்புரேட்டர்தான். விமானி மூக்கைச் சட்டென்று கீழே அமுக்கினால் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் மேலே எகிறும். அடியில் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிற சின்னத் துளை (ஜெட்) காய்ந்து எஞ்சின் ஒரு கணம் விக்கும். அடுத்து மிதவை தப்பான பக்கம் போய் ஊசி வால்வு முழுக்கத் திறந்துகொள்ளும், பம்ப் தள்ளுகிற பெட்ரோல் கிண்ணத்தை நிரப்பி வழியும், எஞ்சின் கரும்புகை கக்கி மூச்சுத் திணறும். ஜெர்மன் எஞ்சினில் நேரடி இன்ஜெக்‌ஷன், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும், அந்தத் தொல்லையே கிடையாது. அதனால் ஜெர்மன் விமானி மூக்கை அமுக்கித் தப்பித்துப் போவான். துரத்துகிற ஸ்பிட்ஃபயர்காரன், பெட்ரோல் கிண்ணத்தின் அடியிலேயே நிற்க, முதலில் விமானத்தைப் பாதி புரட்டி, அப்புறம்தான் டைவ் அடிக்க வேண்டும்.

பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் 1941-ல் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம், பெட்ரோல் குழாயில் ஒரு சின்னத் துளைத் தடுப்பு. பார்க்க வாஷர் மாதிரி. எஞ்சின் முழு வேகத்தில் குடிக்கிற அளவுக்கு மேல் ஒரு சொட்டும் போகாது. முதல் விக்கல் நிற்கவில்லை, ஆனால் பெட்ரோல் வழிந்து எஞ்சின் அணைகிற ஆபத்து தீர்ந்தது. 1940-ல் நடக்கிற நாவலில் நாயகன் மூக்கை அமுக்கி நேராக டைவ் அடித்துத் துரத்தினால், நாவலாசிரியர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அர்த்தம். அதற்குத்தான் நட்சத்திரம் குறைக்க வேண்டும், "டெக்னிக்கல் ஜாஸ்தி" என்பதற்கு அல்ல.

விவரம் எவ்வளவு இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது வேலை செய்ய வேண்டும். விமானத்தின் நீளம், இறக்கை அகலம், குதிரைத்திறன் என்று பட்டியல் போட்டுவிட்டு அப்புறம் எட்டிக்கூடப் பார்க்காத நாவல்கள் இருக்கின்றன. அதைத் தாராளமாகத் தள்ளுங்கள். ஆனால் 20-ஆம் பக்கத்தில் ஒருவன் ஆல்டிமீட்டர் (உயரம் காட்டும் கருவி) குமிழைத் திருகினால் அந்த இடத்தில் நின்று படியுங்கள்.

ஏன் என்று நம்ம ஊரை வைத்தே சொல்லலாம். போர்க்காலம், இரவு, சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஒரு டகோட்டா சரக்கு விமானம். ஏறத்தாழ 290 கிலோமீட்டர், மணிக்கு 250 வேகம், 70 நிமிடப் பயணம். கிளம்பும்போது ஆல்டிமீட்டரைச் சென்னைத் தரைக்குப் பூஜ்யம் வைத்தாயிற்று. வடக்கிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் பக்கக் காற்று. விமானி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 70 நிமிடம் கழித்து அவன் பெங்களூரில் இல்லை, 58 கிலோமீட்டர் தெற்கே, தளிக்கும் அஞ்செட்டிக்கும் நடுவே காட்டுக்கு மேலே. கீழே மேகம், ஊரெல்லாம் விளக்கணைப்பு. வெளிச்சம் ஏதாவது தெரிகிறதா என்று இறங்கிப் பார்க்கிறான். முள் 3000 அடி காட்டுகிறது, மனசுக்கும் நிம்மதி. ஆனால் அது சென்னைத் தரையிலிருந்து கணக்கு, ஓசூர்ப் பீடபூமியின் தரையே ஏறத்தாழ 3000 அடி. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்குப் பஸ் ஏறி வருபவர்களுக்கே காது சொல்லிவிடும் அந்த ஏற்றம், முள் சொல்லாது. இந்தக் காட்சியில் எதிரி தேவையே இல்லை.

ஆக்சிஜன் குழாய் கழன்ற காட்சிக்கும் இதே கதைதான். 25,000 அடியில் குழாய் போனால் தெளிவாக யோசிக்க 3 முதல் 5 நிமிடம்தான். மூச்சு முட்டித் துடிப்பதாக எழுதினால் நம்பாதீர்கள். ஆள் சந்தோஷமாக இருப்பான், கையெழுத்து மட்டும் கோணலாகப் போகும்.

"ரேடியோ செய்தி அனுப்புற காட்சி இழுவை" என்பதும் அடிக்கடி கண்ணில் படும் குறை. 1942 ஏப்ரல் 4-ல் இலங்கையின் கொக்கலையிலிருந்து போன கேட்டலினா கடல் விமானம் ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்தது. கனடாக்காரர் லியனார்ட் பிர்ச்சல் அதன் விமானி. செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது முறை போய்க்கொண்டிருக்கும்போதே ஜப்பானின் ஜீரோ போர் விமானங்கள் சுட ஆரம்பித்துவிட்டன. கேட்டலினா சாவகாசமாகப் பறப்பது மணிக்கு 200 கிலோமீட்டர் வாக்கில், ஜீரோ 500-ஐத் தாண்டும். அந்த மூன்றாவது முறையை இழுத்து எழுதாமல் எதை இழுப்பது? மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. முன்கூட்டியே செய்தி கிடைத்தும் கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானை விமானத் தளத்தில் விமானங்கள் தரையில் நிற்கும்போதே ஜப்பானியர் வந்துவிட்டார்கள். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கி வைத்திருந்தது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினம், காக்கிநாடா மேலும் ஜப்பானியக் குண்டு விழுந்தது.

இவ்வளவு நம் வாசலிலேயே நடந்திருக்கிறது. நமக்கு அடுத்த பெங்களூரில் 1940-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1943 முதல் அமெரிக்கப் படையின் பழுதுபார்க்கும் கூடமாக ஓடியது. தமிழில் இந்தக் களத்தில் யாராவது எழுதினால் வரிசையில் நின்று வாங்கலாம்.

எழுதுகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நிலா வெளிச்சத்தில் தண்ணீர் பளபளக்கும், அதை வைத்து வழி பிடிக்கலாம், வாஸ்தவம். மேட்டூர் நீர்த்தேக்கம் 1934-லேயே வந்துவிட்டது, அதைத் தாராளமாகக் காட்டுங்கள். கிருஷ்ணகிரி அணை 1950-களில் கட்டியது. 1942-ல் உங்கள் விமானி அதைப் பார்த்து இடப்பக்கம் திரும்பினார் என்றால் கமெண்டில் நான் நிச்சயம் இருப்பேன்.