இணைகோடு அசையைக் காட்டாது

ஆங்கிலத்தில் இணைகோடு (ஹைஃபன்) போட்டு எழுதும் சொற்களைப் பற்றி, "இணைகோடு இருக்கும் இடத்தில் அசை (சிலபிள்) பிரியும், அழுத்தம் எப்போதும் முதல் சொல்லில்" என்று ஒருவர் எழுதியதில் பாதிதான் சரி. கோட்டில் அசை பிரியும். ஆனால் அது அங்கே மட்டும் பிரிவதில்லை. கோடு சொற்களைத்தான் இணைக்கிறது. அசையை உயிரொலியை வைத்து எண்ண வேண்டும் (தமிழ் யாப்பின் நேர், நிரை கணக்கை இதில் கொண்டுவராதீர்கள்). 'மதர்-இன்-லா'வில் கோடு இரண்டு, துண்டு மூன்று, அசை நான்கு. 'ப்ளூ-ஐட்' இரண்டே அசை. கடைசியில் எழுதும் 'ஈடி'யை (ed) பார்த்து மூன்று என்று எண்ணிவிடக் கூடாது. 'லெஃப்ட்-ஹேண்டட்' என்பதில் அதே 'ஈடி' 'டி' ஒலிக்குப் பின் வருவதால் தனி அசையாகிறது, ஆக மூன்று.

அழுத்தம் பற்றிச் சொன்னதுதான் ஆளைத் தவறான வழியில் விடும். 'செக்-இன்' போன்ற பெயர்ச்சொற்களில் முதல் பகுதி ஓங்கும், சரி. ஆனால் 'பாஸர்-பை'யில் முதன்மை அழுத்தம் 'பை'யில். 'குட்-லுக்கிங்', 'பேட்-டெம்பர்ட்' போன்ற பெயரடைகளைத் தனியாகச் சொன்னால் இரண்டாம் பகுதியே ஓங்கும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. 'திஸ் கார் இஸ் செகண்ட்-ஹேண்ட்' என்றால் அழுத்தம் 'ஹேண்ட்' மேல். 'எ செகண்ட்-ஹேண்ட் கார்' என்றால் அது 'செ'வுக்கு நகர்ந்துவிடும். அடுத்து வரும் 'கார்' அழுத்தமாக ஒலிப்பதால், இரண்டு அழுத்தம் முட்டிக்கொள்ளாமல் முன்னது விலகுகிறது. 'வெல்-நோன்' என்பதும் இப்படித்தான். அகராதியில் இதற்கு முதன்மைக் குறி, துணைக் குறி இரண்டும் போட்டிருப்பார்கள்: மேலே இருக்கும் சிறு கோடு முதன்மை, கீழே இருப்பது துணை.

வரி முடிவில் சொல்லை உடைக்கப் போடும் கோடு வேறு விவகாரம், அதை இதோடு குழப்ப வேண்டாம்.